இடப்பக்கம் நகர்ந்த வரி

முதலில் எடிட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நிதானமாகவே சொல்கிறேன். அவசரமாகச் சொன்ன எதுவும் யார் மனதிலும் தங்குவதில்லை. உங்களுக்காகத் தட்டச்சு செய்யும் இவருக்கும் கை வலிக்கக் கூடாது.

நாங்கள் நிரல் எழுதுவது சாதாரண எடிட்டர் ஒன்றில். பார்க்க வெறும் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கும். அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு, பழசை மறக்காது. நேற்று எழுதியதை இன்று திருத்திச் சேமித்தால் நேற்றையதும் இருக்கும், இன்றையதும் இருக்கும். யார் திருத்தினார், என்றைக்குத் திருத்தினார், என்ன காரணம் எழுதி வைத்தார் என்பதெல்லாம் கூடவே இருக்கும். இதைக் கவனித்துக்கொள்வது இன்னொரு மென்பொருள். வெர்ஷன் கன்ட்ரோல் என்போம். எடிட்டரை விட்டு வெளியே வராமலே அதனிடம் கேட்கலாம்: இந்தக் கோப்பு போன வாரம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது? திரை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு. போன வரி சிவப்பில் தெரியும், வந்த வரி பச்சையில். மாறாதவை மங்கலாக ஒதுங்கி நிற்கும்.

முதல் தடவை அதைப் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு மனிதன் எந்த இடத்தில் மனம் மாறினான் என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டுகிற வேறு எதையும் நான் பார்த்ததில்லை. சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, இடைவெளி. நாங்கள் எழுதும் நிரல்மொழியில் வரியின் இடப்பக்கம் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதற்குப் பொருள் உண்டு. வீட்டு உதாரணமே சொல்கிறேன். ‘மழை பெய்தால்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி ‘குடையை எடு’. அதற்கும் கீழே, அதே அளவு உள்ளே தள்ளி, ‘செருப்பை மாற்று’. மழை பெய்தால் இரண்டையும் செய்ய வேண்டும் என்று அர்த்தம். இப்போது ‘செருப்பை மாற்று’ என்பதை மட்டும் இடப்பக்கம் இழுத்து, மழைக்கு நேராக வைத்துவிடுங்கள். குடை மழைக்கு மட்டும்தான். செருப்பை மட்டும் வெயிலடித்தாலும் மாற்ற வேண்டும். ஓர் எழுத்துகூட மாறவில்லை. வார்த்தைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

எடிட்டரில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது இடைவெளி வித்தியாசங்களைக் காட்டாதே என்று சொல்லி வைக்கலாம். வேறு மொழிகளில் எழுதுபவர்களுக்கு அது உபகாரம். எங்கள் மொழியில் எழுதுபவர்கள் அதைத் தொடக்கூடாது. தொட்டால், நான் சொன்ன அந்தச் செருப்பு வரி நகர்ந்ததே தெரியாது. இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று எடிட்டர் சத்தியம் செய்யும்.

மாப்பிள்ளையின் எடிட்டரில் அது ஆன் ஆகியிருந்தது. விசாரணையில் எல்லாருக்கும் தெரிந்துபோன விஷயம்தான்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. மாப்பிள்ளை ஆவதற்கு முன்னால் அவர் எனக்கு அடுத்த மேசைக்காரர். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். வந்த புதிதில் ரப்பர் நாற்றத்தில் தலைவலிக்கும், பிறகு பழகிவிடும். தகடுகளை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ் எந்திரங்களுக்கு நிரல் எழுதித் தருவது எங்கள் தொழில். அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தது நான்தான். தங்கைக்கு அவரைப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னதும் நான்தான். அது நல்ல காரியம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

தங்கையைச் சின்ன வயதில் எல்லாரும் ‘எப்படி’ என்று கூப்பிடுவார்கள். பேர் அப்படி வந்ததற்குக் காரணம், காலையில் கண் விழித்ததிலிருந்து அவள் கேட்பது அந்த ஒரு வார்த்தையைத்தான். பூட்டு எப்படிண்ணா திறக்குது? குழாயில தண்ணி எப்படிண்ணா மேல ஏறுது? அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். பூட்டைக் கழற்றிக் காட்டுவேன், டார்ச்சைப் பிரித்துப் பரப்பி வைப்பேன். தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். புரிந்த கணம் அவள் முகத்தில் ஒன்று நடக்கும். அதை எனக்கு விளக்கத் தெரியாது. எனக்கு விளக்கத் தெரியாதவை மிகக் குறைவு.

கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய கேள்விகள் அந்தப் பக்கம் போயின. இயல்புதானே. ஒரு நாள் இருவரும் என் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் தங்கை, அவர்கள் வீட்டுத் துணி துவைக்கும் எந்திரம் கடைசிச் சுற்றில் தடதடவென்று ஆடி இடம்விட்டு நகர்ந்துவிடுகிறது, எப்படி அது என்றாள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஈரத்துணி டிரம்முக்குள் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் சுற்றும்போது எடை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை ஒரு தட்டையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக் காட்ட ஆரம்பித்தேன். மாப்பிள்ளை சொன்னார்:

“அதுக்கு எங்க வீடு பிடிக்கல. கோவிச்சுக்கிட்டு மச்சான் வீட்டுக்குக் கிளம்புது.”

தங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு அவள் என் தோளைத் தட்டி, “விடுண்ணா, எங்களுக்கு இது போதும்” என்றாள்.

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று தெரிவதற்காகச் சொன்னேன். எல்லாருக்கும் பிடித்தவர். எதையும் ஒரே வரியில் முடித்துவிடுவார். அதனால்தான் மேலாளர் அவரைப் பார்வையாளர் ஆக்கினார். எங்கள் அலுவலகத்தில் அது பெரிய பொறுப்பு. யார் நிரலைத் திருத்தினாலும், பழசையும் புதுசையும் எடிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரி என்று அவர் ஒப்புதல் கொடுத்தால்தான் அது எந்திரத்துக்குப் போகும். எழுதுகிறவர் தவறு செய்வார் என்பது எங்கள் தொழிலில் எதிர்பார்த்த விஷயம். அதைப் பிடிப்பதற்குத்தான் பார்வையாளர். தப்பிப் போனால் பொறுப்பு அவருடையது. அந்த இடத்துக்கு என்னையும் யோசித்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொல்வேன், வேலை தேங்கிவிடும் என்று மேலாளர் நினைத்தாராம். அவர் நினைத்ததில் தப்பில்லை.

அந்தச் சமயத்தில் நான் பழைய கோப்புகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பல பேர் பல காலத்தில் எழுதியவை. சிலர் வரியை உள்ளே தள்ள டேப் விசையை அழுத்தியிருப்பார்கள், சிலர் ஸ்பேஸ் பாரைத் தட்டியிருப்பார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வேறு. அதையெல்லாம் ஒரே முறைக்குக் கொண்டுவரும் வேலை. பொருள் எதுவும் மாறாது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்குத் தண்டனை. எல்லா வரியும் மாறியதாகக் காட்டும். இடப்பக்கம் முழுக்கச் சிவப்பு, வலப்பக்கம் முழுக்கப் பச்சை. மாப்பிள்ளை வாரக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து என் மேசையில் உட்கார்ந்தார்.

“மச்சான், கண்ணு பூத்துப்போச்சு. ராத்திரி கண்ணை மூடினா தக்காளியும் வெண்டைக்காயுமா தெரியுது. ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க.”

நான் போய் அவருடைய எடிட்டரில் அந்த வசதியை ஆன் செய்து கொடுத்தேன். திரை ஒரே நொடியில் அமைதியானது. அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் நடித்தார். “இந்தச் சுத்தம் பண்ற வேலை முடியற வரைக்கும்தான் மாப்ள, அப்புறம் அணைச்சிடணும்” என்று சொன்னேன். அதைச் சொன்னேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் வலி போன பிறகு மாத்திரையை யார் நினைக்கிறார்கள்?

இப்போது எந்திரத்துக்கு வருகிறேன்.

அது கதவளவு தகட்டை அழுத்தும் பிரஸ். மேலே ஒரு கனமான தட்டு, கீழே அச்சு. தகடு தானாக உள்ளே போகும், தட்டு இறங்கும், வளைந்த துண்டு வெளியே வரும். எப்போதாவது ஒரு துண்டு அச்சில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் எட்டி அதை எடுத்துவிட வேண்டும். அவர் உடம்பு உள்ளே இருக்கும்போது தட்டு இறங்கிவிடக்கூடாது என்பதற்காக வாசலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளித்திரை. கை நீட்டினால் ஒளி மறையும், தட்டு மேலேயே நிற்கும். நிரல் நான்கே வரி. சிவப்பு விளக்கு எரியட்டும். வாசல் காலியாக இருந்தால்; அதற்குக் கீழே உள்ளே தள்ளி, பச்சை விளக்கு எரியட்டும்; அதற்கும் கீழே, அதே அளவு உள்ளே தள்ளி, தட்டு இறங்கட்டும்.

மழையும் செருப்பும் நினைவிருக்கிறதா? கடைசி வரியை மட்டும் இடப்பக்கம் இழுத்துவிட்டால், கை உள்ளே இருக்கும்போது சிவப்பு விளக்கு ஒழுங்காக எரியும். தட்டும் இறங்கும்.

அந்தப் பிரஸ்ஸை வாங்கியிருந்த பட்டறையில் அதை ஓட்டியவரைக் குச்சிக்காரர் என்று கூப்பிடுவார்கள். ஒளித்திரை வருவதற்கு முந்தைய எந்திரங்களில் பழகியவர். ஒரு நீளமான மூங்கில் குச்சியின் முனையில் கொக்கி கட்டி, தூரத்தில் நின்று துண்டை இழுப்பார். சாப்பிடப் போகும்போதும் குச்சியைக் கையில் கொண்டுபோவார் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். எங்கள் எந்திரத்தை நிறுவ நான் போயிருந்தபோது, ஒளித்திரை இருக்கும்போது குச்சி எதற்கு என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாததை எப்படித் தம்பி நம்புவது என்று திருப்பிக் கேட்டார்.

நல்ல கேள்வி. நான் உட்கார்ந்து சொன்னேன். ஓர் அட்டையை நீட்டிக் காட்டினேன், ஒளி மறைவதை மீட்டரில் காட்டினேன், நிரலின் நான்கு வரியையும் மடிக்கணினியில் திறந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். எந்திரம் ஓட்டும் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. கடைசியில், “அப்போ நான் உள்ள இருக்கிற வரைக்கும் அதுக்கு இறங்கத் தோணவே தோணாது, அப்படித்தானே?” என்றார். அப்படித்தான் என்றேன். அடுத்த தடவை நான் போனபோது குச்சி இல்லை. துண்டு ஒட்டிக்கொண்டால் குனிந்து, தலையும் தோளும் உள்ளே போக, கையாலேயே எடுத்தார். எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அதன்படி வாழ்கிறவர்கள் சிலர் உண்டு. அவர் அந்த மாதிரி.

பிரஸ்ஸின் கோப்பையும் நான் சுத்தம் செய்தேன். அதில் கடைசியாகச் சேமித்த திருத்தத்தில்தான் அந்த வரி நகர்ந்தது. மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். வித்தியாசம் இல்லை என்று எடிட்டர் சொன்னது. ஒப்புதல் கொடுத்தார். எங்கள் சோதனை மேசையில் தட்டு கிடையாது, விளக்குகள்தான் உண்டு. சிவப்பு எரிய வேண்டிய நேரத்தில் சிவப்பு எரிந்தது. சோதனையும் தேறியது.

வரி நகர்ந்தது என்றேன். நகர்த்தினேன் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கர்சரை வரியின் தலையில் வைத்து ஒரே ஒரு விசை. அப்போது எனக்கு இருந்த எண்ணம் இதுதான்: மாப்பிள்ளை கண்ணால் பார்ப்பதில்லை, எடிட்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறார். இது ஒரு நாள் யாருக்காவது ஆபத்தாக முடியும். அதற்கு முன் ஒரு சின்னச் சங்கடம் வந்தால் திருந்திக்கொள்வார். பட்டறையில் அட்டையை நீட்டிச் சோதிக்கும்போது தட்டு இறங்கும், அட்டை நசுங்கும், மேலாளர் முன்னால் கொஞ்சம் தலைகுனிவு. வீட்டில் தங்கையும், எப்படி நடந்தது என்று கேட்பாள். அவ்வளவுதான்.

புது எந்திரம் நிறுவும்போதுதான் அட்டை நீட்டுவோம். நிரலை மட்டும் புதுப்பித்தால் நீட்டுவதில்லை, இங்கிருந்தே இணையம் வழியாக அனுப்பிவிடுவோம். நீங்கள் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், அது எனக்குத் தெரியும்.

அனுப்பிய பிறகும் சில நாட்கள் இருந்தன. தினமும் காலையில் என் எடிட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து பழசையும் புதுசையும் ஒப்பிடுவேன். வசதியை ஆன் செய்தால் ஒன்றும் இல்லை. அணைத்தால் அந்த ஒரு வரி. மாப்பிள்ளை நாலடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாள் நானே கேட்டேன், பிரஸ் கோப்பை இன்னொரு தடவை பார்த்தீர்களா என்று. அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னார்:

“உங்க கோட்ல இன்னொரு தடவை பாக்கறதுக்கு என்ன மச்சான் இருக்கு? உங்களை நம்பாம வேற யாரை நம்புறது?”



அந்த வாரத்தில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டது. குச்சிக்காரர் குனிந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். வேதனை இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். தட்டின் எடையை வைத்துப் பார்த்தால் அது சரியாகத்தான் இருக்கும்.

மேலாளர் எல்லாரையும் நிற்க வைத்து, என்ன நடந்தது என்று யாருக்காவது தெரியுமா என்றார். நான் கோப்பைத் திறந்து, வசதியை அணைத்துவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஒரு வரி சிவப்பு, ஒரு வரி பச்சை. எழுதியது நான்தான், சுத்தம் செய்யும்போது கை தவறியிருக்கிறது என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். என் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. மேலாளர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான வரியில் ஒன்று தவறுவது மனித இயல்பு, அதைப் பிடிக்கத்தானே பார்வையாளர் இருக்கிறார் என்றார். எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் பாத்தேனே,” என்றார். “பாத்தேனே மச்சான்.”

பிறகு மெதுவாக, “இல்ல. நான்தான் பாக்கல” என்றார்.

அதற்குப் பிறகு அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார். வக்கீல் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. கைது செய்யப்படுவதற்கு முன்னால் வீட்டிலிருந்த நாட்களில் அவரைப் போய்ப் பார்த்தேன். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வருவார், திரும்பப் போய்ப் பார்ப்பார், வருவார், தங்கையைப் போய்ப் பார்க்கச் சொல்வார். செய்தித்தாளில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படிப்பார். ஒரு பத்தி முடிவதற்குள் வியர்த்துவிடும். தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்த பிறகும், வண்டி வரவில்லை என்று நான் சொன்னால்தான் கால் வைப்பார். ஜோக் அடிப்பது நின்றுவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும், “உங்களுக்குத்தான் மச்சான் ரொம்பக் கஷ்டம், எழுதினது நீங்கங்கறதால” என்றார். அவர் அப்படிச் சொன்னது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

குச்சிக்காரர் வீட்டுக்கும் போனோம், இருவரும். ஒரே அறை. கதவுக்குப் பின்னால் அந்த மூங்கில் குச்சி சாய்த்து வைத்திருந்தது, கொக்கியோடு. அவர் மனைவி எங்களைத் திட்டவில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா குச்சியையே பார்த்துக்கொண்டு, “எத்தனை வருஷம் கையை விட்டு இறக்காம வச்சிருந்தாரு. என்ன நினைச்சு வீட்டுல கொண்டாந்து போட்டாருன்னுதான் எனக்குத் தெரியல தம்பி” என்றார். எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றை நான் விளக்காமல் வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

மாப்பிள்ளை உள்ளே போன பிறகு தங்கை என் வீட்டுக்கு வந்து தங்கினாள். பெரும்பாலும் பேசமாட்டாள். துணியை மடிப்பாள், மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடிப்பாள். நான் அவளுக்குப் பிடித்ததாகச் சமைத்தேன். பழைய டார்ச் ஒன்று கிடைத்தது, அதை அவள் கண்ணில் படும்படி மேசையில் வைத்தேன். அவள் அதைத் தள்ளிவிட்டுத் தட்டை வைத்தாள்.

போன ஞாயிறு காலை சமையலறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். தாடையைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

“அண்ணா, அது எப்படி நடந்துச்சு? வக்கீல் சொல்றது எதுவும் புரியல. எனக்குப் புரியற மாதிரி நீ சொல்லு.”

எத்தனை வருடம் ஆகிவிட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு மடிக்கணினியை எடுத்துவந்தேன். எடிட்டரைத் திறந்து, திரை இரண்டாகப் பிரிவதைக் காட்டினேன். உங்களிடம் சொன்ன அதே மழை, குடை, செருப்பு. அவள் விரலைத் திரையில் வைத்து, இந்த வரியா என்றாள். ஆமாம் என்றேன். வசதியை ஆன் செய்தேன், வரி மறைந்தது, அணைத்தேன், வந்தது. அவளையே செய்து பார்க்கச் சொன்னேன். இரண்டு மூன்று தடவை செய்தாள். அந்தக் காலை வெளிச்சமும், அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்ததும், இவ்வளவு துயரத்துக்கு நடுவில் எனக்கு ஓர் ஆறுதலாக இருந்தது. சொல்லக்கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன்.

“அப்போ இவர் எவ்வளவு உத்துப் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காதா?”

“தெரிஞ்சிருக்காது. மாறவே இல்லைன்னுதான் காட்டும்.”

“இதை ஆன் பண்ணி வச்சது இவரா?”

“நான்தான் போட்டுக் குடுத்தேன். கண்ணு வலிக்குதுன்னார்.”

“கண்ணு ஏன் வலிச்சுது?”

சுத்தம் செய்யும் வேலையைப் பற்றிச் சொன்னேன். பழைய பதிப்புகளைத் திறந்து அந்தச் சிவப்பையும் பச்சையையும் பக்கம் பக்கமாகக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வேலையைச் செய்யச் சொல்லி உன்கிட்ட யார் சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை என்றேன். நானாகத்தான் ஆரம்பித்தேன்.

அவள் வாழ்நாளெல்லாம் எப்படி என்றுதான் கேட்டிருக்கிறாள். அப்போது வேறு ஒன்று கேட்டாள்.

“எப்போ ஆரம்பிச்ச?”

எனக்கு நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்விக்குப் பதில் திரையிலேயே இருக்கும்போது அப்படிச் சொல்ல எனக்கு வராது. கோப்புகளின் வரலாற்றைத் திறந்து கீழே, இன்னும் கீழே என்று போனேன். அந்த வேலையின் முதல் பதிவு வந்தது. என் பேர், காரணம் என்ற இடத்தில் ‘சுத்தம் செய்தல்’, தேதி. காலையில் அலுவலகம் திறந்ததும் செய்தது.

தங்கை அந்தத் தேதியைப் படித்தாள். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள், திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

“நாங்க இங்க சாப்பிட வந்த மறுநாள்,” என்றாள். “வாஷிங் மெஷினைப் பத்திப் பேசினோமே.”

ஆமாம் என்றேன். அன்று எலுமிச்சம்பழத்தை வைத்துக் காட்ட வந்ததை இப்போது காட்டட்டுமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அவள் மடிக்கணினியை மெதுவாக மூடினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். நேராக இந்த ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நீங்கள் வந்து கதவைத் தட்டியபோது தெரிந்தது.

நீங்கள் வந்ததிலிருந்து ஏன், ஏன் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் இவ்வளவு நேரம் எப்படி என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அந்த வரி என் கை தவறி நகரவில்லை, அந்த வசதி ஆன் ஆகியிருந்ததை நான் மறந்துபோய்விடவில்லை, குச்சிக்காரர் குனிவார் என்பது எனக்குத் தெரியும். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையை விட்டுவிடுங்கள். வெளியே வந்ததும் அவரைத் தெருவைக் கடக்க யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இவ்வளவு நேரம் பிடித்தது. தங்கைக்கு நான் முடிக்கவே வேண்டியிருக்கவில்லை, பாதியிலேயே புரிந்துகொண்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் சொன்னால் அவளுக்குப் புரிந்துவிடும். மாப்பிள்ளை சொல்லியிருந்தால் இவ்வளவு புரிந்திருக்காது.